ஒரு கரண்டி எவ்வளவு?

ரயில்வே க்வார்ட்டர்ஸ், லாலாகுடா,
செகந்திராபாத்.
27-1-2025

டாக்டர் ப்ரியம்வதா அம்மா அவர்களுக்கு,

மங்கையர்க்கரசி எழுதுவது. உங்கள் ஆராய்ச்சியில் நாற்பத்தேழாம் நம்பர் நான். இங்கே சுகம், அங்கே சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கோபமாக இருப்பதால் இப்போது கேட்கவில்லை.

உங்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று உங்களிடம் வேலை பார்க்கும் நஸ்ரின் பொண்ணு சொன்னாள். ஃபோன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில், ஏழாம் பக்கத்தில், ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தர வேண்டும் என்று இருக்கிறது. தருகிறேன்.

நவம்பரில் பதினாலு நாள் நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். தினம் காலையில் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து, நம்பர் ஒட்டி, ஃப்ரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கு வீட்டில் நடந்த சண்டை தனிக் கதை. வெறும் வயிற்றோடு வந்து, தலையைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து மூச்சு விட்டேன். வாயில் போட்டதை எல்லாம் நோட்டில் எழுதினேன். பிள்ளையார் கோயில் சுண்டலைக்கூட விடவில்லை.

சனிக்கிழமை உங்கள் இங்கிலீஷ் கடிதம் வந்தது. வாங்கினது எங்கள் வீட்டுக்காரர். ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். அல்வாலிலிருந்து என் நாத்தனார் ஜலஜா வந்திருந்தாள். ஹாலில் நின்று உரக்கப் படித்து, அவளுக்காகத் தமிழிலும் சொன்னார்: நாற்பத்தேழாம் நம்பர் எழுதிய சாப்பாடு, உடம்பில் அளந்ததோடு பொருந்தவில்லை, நம்பத்தக்கதல்ல, நீக்கப்படுகிறது. படித்துவிட்டுச் சிரித்தார். “முப்பது வருஷமா சொல்றேன், இவ அடுப்பங்கரையில நின்னுக்கினே ஒரு பந்தியை முடிச்சுடுவான்னு. இப்ப கவர்மென்ட்டே சொல்லிடுச்சு பாரு” என்றார். ஜலஜாவும் சிரித்தாள். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

டாக்டர் அம்மா, நான் உங்களிடம் எடை குறைக்க வரவில்லை. எண்பத்தாறு கிலோ எனக்குப் பழகிவிட்டது. ஒளித்துச் சாப்பிடுகிறேன் என்ற பேச்சு மட்டும் பழகவே இல்லை. மெஷின் வைத்து அளக்கிறார்கள், இனிமேல் யாரும் வாய் திறக்க முடியாது என்று நம்பித்தான் வந்தேன். அந்த மெஷினே அவர் பக்கம் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று. இந்த க்வார்ட்டர்ஸ் லைனில் இருக்கும் நம் தமிழ்ப் பெண்கள் எட்டுப் பேரை நான்தான் கூட்டிவந்தேன். அந்த எட்டுப் பேருக்கும் அதே கடிதம். ஒவ்வொருத்தியாக வந்து என் வாசலில் நின்று, “என்னக்கா இது?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

என் நோட்டில் எந்த நாள், எந்த வேளை பொய் என்று காட்டுங்கள். முடியாவிட்டால் என்னைத் திரும்பச் சேருங்கள்.

இப்படிக்கு,
நா. மங்கையர்க்கரசி


ஆராய்ச்சி நிலையம், ஹைதராபாத்.
5-2-2025

மதிப்புக்குரிய மங்கையர்க்கரசி அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கள் கடிதம் உங்கள் வீட்டில் அப்படிப் படிக்கப்பட்டதற்கு மனதார வருந்துகிறேன். “நம்பத்தக்கதல்ல” என்பது எங்கள் துறையில் வழக்கமாக எழுதும் சொல். யாரையும் பொய்யர் என்று சொல்வது நோக்கமில்லை.

ஏன் நீக்கினோம் என்று சொல்கிறேன். நீங்கள் குடித்த தண்ணீரில் கொஞ்சம் கனமான அணுக்கள் இரண்டு வகை இருந்தன. ஒன்று சிறுநீர், வியர்வை என்று நீராக மட்டும் உடம்பை விட்டுப் போகும். மற்றது மூச்சுக் காற்றிலும் சேர்ந்து போகும். இரண்டும் போகிற வேகத்தில் உள்ள வித்தியாசத்தை வைத்து, உடம்பு ஒரு நாளில் எவ்வளவு எரித்தது என்று கண்டுபிடிக்கலாம். நீங்கள் நாளுக்கு 2350 கலோரி எரித்திருக்கிறீர்கள். பதினான்கு நாளும் உங்கள் எடை மாறவில்லை. அப்படியானால் சாப்பிட்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்திருக்க வேண்டும். நோட்டில் இருப்பது 1480. நாளுக்கு 870 கலோரி எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

இது எல்லோருக்கும் நடப்பதுதான் அம்மா. சமைக்கும்போது ருசி பார்ப்பது, மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் வாயில் போடுவது இதெல்லாம் நினைவில் நிற்காது. உங்கள் மீது குற்றமில்லை.

உடம்பில் கொழுப்பு எரிவது ஏன் சிலருக்கு மந்தமாக இருக்கிறது என்பதுதான் என் ஆறு வருட ஆராய்ச்சி. எண்பது பேரில் பதினொரு பேரின் பதிவுகளை நீக்க வேண்டியதாயிற்று. கட்டுரையை மார்ச் 31க்குள் அனுப்ப வேண்டும். உங்கள் பங்களிப்புக்கு நன்றி.

அன்புடன்,
ப்ரியம்வதா


லாலாகுடா,
11-2-2025

டாக்டர் அம்மாவுக்கு,

தமிழில் பதில் எழுதியதற்குச் சந்தோஷம். தண்ணீர் விஷயம் புரிந்தது. எங்கள் ஒர்க் ஷாப் ஆட்களுக்கு நான் சொன்னால்கூடப் புரியும் போலிருக்கிறது, அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். மீதியை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மறதி என்கிறீர்கள். என் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஆறாம் நாள்: ‘பாயசத்துக்குச் சர்க்கரை பார்க்க அரை ஸ்பூன்.’ ஒன்பதாம் நாள்: ‘பக்கத்து வீட்டில் கொடுத்த முறுக்கு, பாதி.’ பதினோராம் நாள்: ‘அவர் தட்டில் விட்ட அப்பளம், ஒரு துண்டு.’ பாதி முறுக்கை எழுதினவள் 870 கலோரியை மறப்பாளா? அது எவ்வளவு சாப்பாடு தெரியுமா? எனக்கும் தெரியாது, நஸ்ரினைக் கேட்டேன். ஒன்பது இட்லிக்கு மேல் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக அல்லவா இருக்கிறது!

எனக்கு உடம்பில் கனம் உண்டு, மடியில் கனம் இல்லை. அதனால்தான் விடாமல் எழுதுகிறேன்.

நீங்கள் ஒல்லி என்று நஸ்ரின் சொன்னாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். நீங்கள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது யாராவது உங்கள் தட்டைப் பார்ப்பதுண்டா? என் தட்டைப் பார்க்காத பந்தி கிடையாது. கல்யாண வீட்டில் பசியோடு எழுந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து ஒளித்துத் தின்பாள் என்று உலகமே முடிவு கட்டிவிடுகிறது. நீங்களும் கட்டிவிட்டீர்கள், மெஷின் சொல்லவில்லை. பொருந்தவில்லை என்று மட்டும்தானே மெஷின் சொன்னது? நான்தான் காரணம் என்று எழுதியது யார்?

பதினோரு பேரை நீக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்பது பேர் எங்கள் லைன். ஹைதராபாத் முழுக்கத் தேடியதில் மறதிக்காரிகள் எல்லாம் ஒரே தெருவிலா குடியிருப்பார்கள்?

தராசை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். ஒரு நாள் முழுக்க என் அடுப்பங்கரையில் உட்காருங்கள். சாப்பிடாமல் வாருங்கள்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி


சைனிக்புரி,
20-2-2025

அன்புள்ள மங்கையர்க்கரசி அம்மாவுக்கு,

இதை நிலையத்தின் தாளில் எழுதவில்லை, வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆராய்ச்சி முடிந்தபின் பங்கேற்றவர் வீட்டுக்குப் போவது எங்கள் முறையில் இல்லை. எங்கள் துறைத் தலைவர் ஜகதீசன் சாரிடம் கேட்டேன். “ஒரு அம்மா சண்டை போடுறாங்கன்னு போய் உக்காந்தா, நாளைக்கு எண்பது பேரும் கூப்பிடுவாங்க” என்றார்.

ஆனால் “ஒரே தெருவிலா” என்று கேட்டீர்களே, அது என்னை விடவில்லை. பதினொன்றில் ஒன்பது லாலாகுடா என்பது என் மேஜையில் இரண்டு மாதமாக இருக்கும் தாளில் பளிச்சென்று தெரிகிறது. நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு காலை ஏழு மணிக்கு நஸ்ரினோடு வருகிறேன். சாரிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். பதினான்கு நாளும் சமைத்ததுபோலவே சமையுங்கள். எனக்காக எதையும் மாற்ற வேண்டாம்.

என் தட்டை யாரும் பார்த்ததில்லை அம்மா. நீங்கள் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

அன்புடன்,
ப்ரியம்வதா


சைனிக்புரி,
10-3-2025

அன்புள்ள மங்கை அக்காவுக்கு,

நேற்று வாசலில், “அம்மான்னு கூப்பிட்டு என்னைக் கிழவி ஆக்காதீங்க” என்று சொன்னீர்கள். இனி அக்காதான். வத்தக்குழம்பின் வாசனை என் துப்பட்டாவிலிருந்து இன்னும் போகவில்லை.

நேற்றே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். பயந்துதான் வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

மதியம் நீங்கள் உங்கள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, “ரெண்டு கரண்டி, எழுதிக்கோ நஸ்ரின்” என்றீர்கள். நான் தட்டை வாங்கித் தராசில் வைத்தேன். எங்கள் கையேட்டின்படி இரண்டு கரண்டி சோறு 120 கிராம். தராசு 240 காட்டியது. தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாம் முறை வைத்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், “என்னம்மா, சோறு ஆறுது” என்றீர்கள்.

பிறகு நீங்கள் கை கழுவப் போனபோது அந்தக் கரண்டியில் தண்ணீர் நிரப்பி அளந்தேன். 110 மில்லி. எங்கள் கையேட்டில் ஒரு கரண்டி 55. எண்ணெய்த் தூக்கில் கிடக்கும் சின்னக் கரண்டியையும் அளந்தேன். கையேட்டில் 5 மில்லி, உங்களுடையது 15. நீங்கள் ஒரு நாளில் எழுதிய ஏழு கரண்டிச் சோற்றில் ஐந்நூற்று நாற்பது கலோரி அதிகம். உங்கள் பங்குக்கு எழுதிய நாலு கரண்டி எண்ணெயில் முந்நூற்று முப்பது. கூட்டிப் பாருங்கள். காணாமல் போன 870 அங்கேதான் இருந்தது, அக்கா. நீங்கள் ஒரு பருக்கையைக்கூட ஒளிக்கவில்லை.

நான் இரண்டு கரண்டியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு உங்கள் வீட்டுக்காரர் வந்தார். “ரெண்டும் ராணிகஞ்சுல தகடு வாங்கி நானே அடிச்சது மேடம். கடைக் கரண்டி கஞ்சன் கரண்டி. இந்த லைன்ல நம்ம ஆளுங்க எல்லார் வீட்லயும் இதுதான். கல்யாணம், காதுகுத்து எதுன்னாலும் நம்ம கிஃப்ட் இதான்” என்று பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது பெண்களும் ஏன் ஒரே லைனில் இருந்தார்கள் என்று அந்த நிமிஷம் புரிந்துவிட்டது.

அந்தக் கையேட்டை எழுதியவள் நான். ‘ஒரு கரண்டி’ என்று எழுதும்போது எங்கள் கேன்டீன் கரண்டியை அளந்தேன். எல்லார் வீட்டிலும் அதே கரண்டிதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். குண்டாக இருப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்துச் சொல்வார்கள் என்று எங்கள் துறையில் பல காலமாக ஒரு எண்ணம் உண்டு. அதனால் உங்கள் எண் வந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஆச்சரியப்பட்டிருந்தால் அன்றே வந்திருப்பேன். இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் ஒன்பது பேரின் பதிவையும் சரியான அளவோடு திரும்பச் சேர்த்துவிடுகிறேன். ஜகதீசன் சாரும் சரி என்றுவிட்டார். கட்டுரை சொன்ன தேதிக்கே போய்விடும்.

அன்புடன்,
ப்ரியம்வதா


லாலாகுடா,
17-3-2025

அன்புள்ள ப்ரியம்வதா கண்ணுக்கு,

உன்னை நீ என்று எழுதுகிறேன். என் கையால் சாப்பிட்டுவிட்டாய், இனி நீங்க என்ன வேண்டிக் கிடக்கிறது.

கடிதத்தைப் படித்ததும் முதலில் அழுதேன். ‘ஒரு பருக்கையைக்கூட ஒளிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அவரிடம் இன்னும் காட்டவில்லை.

காட்டாததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. நான் என்ன நம்பிக்கொண்டிருந்தேன் தெரியுமா? எனக்குத் தண்ணீர் குடித்தாலே உடம்பு போடும், இது வாங்கி வந்த வரம், யார் கையிலும் இல்லை என்று. அதைச் சொல்லித்தான் முப்பது வருஷம் மனசைத் தேற்றிக்கொண்டேன். இப்போது நீ 2350 என்கிறாய். அப்படியானால் சாப்பிட்டிருக்கிறேன். ஒளித்துச் சாப்பிடவில்லை, எல்லார் கண் எதிரிலும், அவர் அடித்த கரண்டியால், எண்ணி எண்ணிச் சாப்பிட்டிருக்கிறேன். உன் தண்ணீர்க் கணக்கு தப்பாகிப் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உன் மேல் கோபம்கூட வந்தது. உண்மையைத்தான் சொன்னாய், ஆனாலும் வந்தது.

சரி, அது என் பாடு. இப்போது உன் பாட்டுக்கு வருகிறேன்.

ஒன்பது பேரைச் சேர்த்துவிடுகிறேன் என்கிறாய். மீதி எழுபத்தொரு வீட்டுக் கரண்டியை அளந்தாயா? எங்கள் கரண்டி ரொம்பப் பெரிசு, அதனால் மாட்டிக்கொண்டோம். எழுபது மில்லிக் கரண்டி வைத்திருக்கிறவள் மாட்டாமல் போயிருப்பாள். முப்பது மில்லிக் கரண்டிக்காரி, சாப்பிடாததைச் சாப்பிட்டதாக உன் தாளில் ஏறியிருப்பாள். உன் கேன்டீன் கரண்டி அவர்கள் வீட்டுக்குள் எப்படிப் போனது? எங்களுக்கு நியாயம், அவர்களுக்கு இல்லையா? உன் கட்டுரையில் இருப்பதை எல்லாம் நிஜம் என்று உன்னால் கையெழுத்துப் போட முடியுமா?

நீ அப்படியே அனுப்பினால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். யாரிடம் போய்ச் சொல்வேன்? ஆனால் என்னை இத்தனை வருஷமாக என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். இருப்பதை விட்டுவிட்டு எழுதுகிறவள் என்று. அதை நீ செய்யாதே கண்ணு.

இப்படிக்கு,
மங்கை அக்கா


சைனிக்புரி,
2-4-2025

அன்புள்ள மங்கை அக்காவுக்கு,

பதினைந்து நாள் பதில் எழுதாமல் இருந்தேன். உங்கள் மேல் எனக்கும் கோபம் வந்தது. ஆறு வருடம் அக்கா! கடைசி வாரத்தில் வந்து எழுபத்தொரு வீட்டுக் கரண்டியைக் கேட்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். பிறகு பத்து வீட்டுக்கு மட்டும் நஸ்ரினை அனுப்பிப் பார்த்தேன். பத்துக் கரண்டி, எட்டு அளவு.

கட்டுரையை அனுப்பவில்லை. மார்ச் 31 காலை சாரிடம் போய்ச் சொன்னேன். “பொருந்தாததை எடுத்தாச்சு, மீதி பொருந்துதே, அப்புறம் என்னம்மா?” என்றார். “மீதியும் சரியா இருக்குன்னு என்னால சொல்ல முடியாது சார். தப்பு சின்னதா இருந்ததால கண்ணுல படல, அவ்வளவுதான்” என்றேன். திட்டத்தை மூன்று வருடம் நீட்டிக்கக் கேட்டிருந்தோம், இனி அது கஷ்டம் என்றார். ஆறு மாதம் கிடைக்கும். அதற்குள் எண்பது வீட்டையும் திரும்ப அளந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் நஸ்ரினிடம் எண்பது வீட்டுப் பட்டியலை எடுக்கச் சொன்னேன்.

உங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 2350 என்பது உங்கள் உடம்புக்கு அதிகச் சாப்பாடு இல்லை, அக்கா. உங்கள் உடம்பு எரித்ததும் அதுவேதான். வெறும் வயிற்றில் உங்கள் மூச்சை அளந்தோமே, அதில் உங்கள் உடம்பு கொழுப்பை எரிப்பதில் மந்தம் என்று தெரிகிறது. மாவுச்சத்தை முதலில் எரித்துவிட்டு, கொழுப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறது. குண்டானதற்கு அது காரணமா, குண்டானதால் வந்ததா? எனக்குத் தெரியாது. யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று சரியாகத் தெரிந்தால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியும்.

ஒரு சிக்கல். மற்ற வீடுகளில் நஸ்ரினை ஹால் வரைக்கும் விடுகிறார்கள், அடுப்பங்கரைக்குள் விட மாட்டேன் என்கிறார்கள். கரண்டியை எடுத்துக் காட்ட ஒருவருக்கும் மனமில்லை.

அன்புடன்,
ப்ரியம்வதா


லாலாகுடா,
30-5-2025

அன்புள்ள ப்ரியம்வதா கண்ணுக்கு,

ஏப்ரலில் உன் கடிதம் கிடைத்த மறுநாளே நான் வந்து நின்றது ஞாபகமிருக்கும். நீ கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இன்றைக்கு எண்பதாவது வீட்டை முடித்தேன். அளவுகள் எல்லாம் இத்துடன் இருக்கும் தாள்களில், வீட்டு நம்பரோடு. ஒவ்வொன்றும் மூன்று தடவை அளந்தது.

இந்த வெயிலில் அல்வாலுக்கும் சைனிக்புரிக்கும் பஸ் மாறி மாறிப் போனதில் கால் வீங்கிவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன், இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாயிற்று. உன் தெருவில் ஒரு ரிட்டயர்டு கர்னல், வீட்டம்மாவை அடுப்பங்கரைக்குள் விடுவதே இல்லை, சமையல் அவர்தான். கரண்டியைக் கேட்டதும் சல்யூட் அடிக்காத குறையாக நாலை வரிசையாக வைத்தார். நாலும் நாலு அளவு. ஒரு வீட்டில், “கைக்கு? கைக்கு?” என்று, அதாவது எதற்கு எதற்கு என்று, கதவைப் பாதி திறந்து கேட்டபடியே நின்றாள் ஒருத்தி. “உன்னைப் பொய்க்காரின்னு யாரும் எழுதாம இருக்கத்தான்மா” என்று நஸ்ரினை விட்டு அவர்கள் பாஷையில் சொல்லச் சொன்னேன். கதவு திறந்தது. டீயும் வந்தது. எட்டாவது டீயில் நஸ்ரின், “நக்கோ ஆன்ட்டி, இன்னொரு சாய் நக்கோ” என்று, வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டாள்.

குண்டானவள் வந்து கேட்டால் கரண்டியை எடுத்துத் தருகிறார்கள். ஒல்லியானவளிடம் தர வெட்கப்படுகிறார்கள். இதையும் உன் கையேட்டில் எழுதிக்கொள்.

சின்னது 28 மில்லி. பெரிசு எங்களுடையதுதான், 110. யாரும் எங்களை ஜெயிக்கவில்லை.

அவர் தினமும், “எங்க போற அளவு ஜாடியைத் தூக்கிக்கினு?” என்று கேட்பார். “கவர்மென்ட் வேலை” என்பேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சும்மா நான் சொன்னால் அது பொண்டாட்டி பேச்சு.

அதனால் உன்னிடம் கூலியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் நிலையத்தின் தாளில், சீல் வைத்து, தமிழில் ஒரு கடிதம் வேண்டும். எனக்கு மட்டுமல்ல, ஒன்பது பேருக்கும். முதல் கடிதம் எந்த ஹாலில் படிக்கப்பட்டதோ, அதே ஹாலில், அதே ஆள் படிக்க வேண்டும். ஜலஜாவை நான் வரவழைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மங்கை அக்கா


ஆராய்ச்சி நிலையம், ஹைதராபாத்.
12-6-2025

பெறுநர்: திருமதி நா. மங்கையர்க்கரசி, பங்கேற்பாளர் எண் 47

அம்மா,

கடந்த ஜனவரியில் இந்த நிலையம் உங்களுக்கு அனுப்பிய கடிதம் திரும்பப் பெறப்படுகிறது.

உங்கள் பதினான்கு நாள் உணவுப் பதிவு மீண்டும் சரிபார்க்கப்பட்டது. அதில் மறைத்ததோ விட்டதோ எதுவும் இல்லை. எங்கள் கையேட்டில் ஒரு கரண்டி 55 மில்லி என்று கொள்ளப்பட்டிருந்தது. உங்கள் வீட்டில் செய்யப்பட்ட கரண்டியின் அளவு 110 மில்லி; எண்ணெய்க் கரண்டியும் 5 மில்லி அல்ல, 15. அந்த அளவுகளின்படி உங்கள் பதிவும், உங்கள் உடம்பில் அளந்ததும் பொருந்துகின்றன. தவறு எங்கள் கையேட்டினுடையது. அதை எழுதியவள் என்ற முறையில் நான் மன்னிப்புக் கோருகிறேன்.

உங்கள் பதிவு ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டுள்ளது. எண்பது வீடுகளிலும் அளவெடுத்தவர் என்று கட்டுரையில் உங்கள் பெயர் இடம்பெறும். உங்கள் நோட்டின் நகல் இத்துடன் உள்ளது.

ப்ரியம்வதா
முதன்மை ஆராய்ச்சியாளர்


லாலாகுடா,
23-6-2025

அன்புள்ள ப்ரியம்வதா கண்ணுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஜலஜாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் கவரை அவர் கையில் கொடுத்து, “படிங்க” என்றேன்.

தமிழில் இருந்ததால் முதலில் உற்சாகமாகத்தான் தொடங்கினார். ‘மறைத்ததோ விட்டதோ எதுவும் இல்லை’ என்ற இடத்தில் குரல் இறங்கியது. ‘உங்கள் வீட்டில் செய்யப்பட்ட கரண்டி’ என்று வந்ததும் நிறுத்திவிட்டார். மீதியை மனசுக்குள் படித்தார். நான் விடவில்லை. “சத்தமா” என்றேன். கடைசி வரை சத்தமாகப் படித்தார்.

அப்புறம் எழுந்து உள்ளே போனார். கரண்டியையும் என் அளவு ஜாடியையும் எடுத்துவந்து ஹாலில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தண்ணீரை நிரப்பி ஊற்றினார். ஜாடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். துடைத்துவிட்டுத் திரும்ப ஊற்றினார். மூன்று தடவை. ஒர்க் ஷாப்பில் எப்படி வேலை செய்வார் என்று முப்பது வருஷத்தில் நேற்றுதான் பார்த்தேன்.

ஜலஜாவுக்குப் பொறுக்கவில்லை. “எது எப்படியோண்ணா, ரெட்டிப்பா சாப்பிட்டது நெஜம்தானே?” என்றாள்.

“எண்ணிக்கை அவ சொன்னது, சரியாத்தான் சொல்லியிருக்கா. அளவு என்னுது ஜலஜா. தப்பு என் கை” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அது அவருக்கு வராது. ஆனால் நீ அனுப்பிய நோட்டு நகலை எடுத்துப் புரட்டி, பதினாலு நாளையும் படித்தார். அந்த அப்பளத் துண்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். கடைசியில் வெறுமையாக இருந்த பதினைந்தாம் பக்கத்தில் என்னமோ எழுதி, மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இன்று காலை தன் பஞ்ச் செட்டை எடுத்து எங்கள் கரண்டிக் காம்பில் 110 என்று எண் அடித்தார். இப்போது மற்ற எட்டு வீட்டுக் கரண்டிக்கும் அடிக்கப் போயிருக்கிறார். இன்னும் திரும்பவில்லை. எட்டு வீட்டிலும் நின்று காரணம் சொல்ல வேண்டுமே, நேரம் ஆகத்தான் செய்யும்.

என் எடையைப் பற்றிக் கேட்காதே. ஏழு கரண்டியா ஐந்து கரண்டியா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் எனக்கு அளவு தெரியும். நீ உன் ஆறு மாதத்தில் வேலையை முடி. கொழுப்பு ஏன் மந்தமாக எரிகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லாமல் உன்னை விட மாட்டேன்.

அந்தப் பதினைந்தாம் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். என் பதிவோடு சேர்த்து வைத்துவிடு. அவர் எழுதியது ஒரே வரி, ஒர்க் ஷாப்பில் சாமான் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற மாதிரி: ‘சோதித்தேன். எல்லாம் சரி. நாராயணஸ்வாமி, ஃபிட்டர்.’

முதல் கடிதத்தில் கோபத்தில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். அங்கே சுகமா கண்ணு? இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? எழுது. நீ எழுதினால் நான் நம்புவேன்.

அன்புடன்,
உன் மங்கை அக்கா